ஒரு வினைச்சொல்லுக்கு ஆறு பெஞ்சு

மாலைநேரப் பிறமொழிக் கழகத்தில் ஐந்து மாதம் படித்து முடித்த நிலையில், ஸ்பானிஷில் எனக்கு ஒரே ஒரு வினைச்சொல்லில் ஆறில் ஒரு பங்கு தெரியும். இந்தக் கணக்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு எண் ஒட்டுவது என் வேலை. எதையும் மூன்று முறை பார்ப்பது அங்கே வந்த பழக்கம். நான்காவது முறையும் பார்த்திருக்கலாமோ என்று வீட்டுக்கு வந்து யோசிப்பது மட்டும் என் சொந்தக் குணம்.

கழகத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அக்கா. அவள் கல்யாணமாகிப் போன நாட்டில் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அத்தான் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். வருடத்தில் பாதி நாள் கடலில்தான். வீட்டில் அக்காவும் அவள் மாமியாரும் மட்டும். அக்கா உண்டாகி மூன்றாம் மாதமே, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்புகள் ஒரு தினுசாக மாறிப்போயின. சம்பந்தியம்மா கையை ஆட்டி, கண்ணைத் துடைத்து, நீளமாக ஏதோ சொல்வார். அக்கா அதைத் தமிழில் சொல்வாள்: "நல்லா இருக்கேனாம்."

அம்மா தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபது வருடமாக இருப்பவள். உறைக்குள் ஒன்று, மேலே எழுதியிருப்பது ஒன்று என்றால் அவளுக்குத் தொட்டாலே தெரிந்துவிடும்.

"அவங்க மூணு நிமிஷம் பேசினாங்க. நீ மூணு வார்த்தை சொல்றே. மீதி எங்கடி போச்சு?" என்பாள்.

"அவ்வளவுதாம்மா சொன்னாங்க."

அழைப்பு முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "இவ எதையோ மறைக்கிறா. இவ பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து சம்பந்தியம்மாகிட்டயே நேரா கேக்கணும். நெலம சரியில்லன்னு தெரிஞ்சா நான் கெளம்பிடுவேன். நீ போய் அந்த மொழியக் கத்துக்கிட்டு வா."

போனில் மொழிபெயர்க்கும் வசதியை ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தோம். சம்பந்தியம்மாவின் வேகத்துக்கு அதனால் ஓட முடியவில்லை. 'உங்கள் மகள் ஜன்னலை வளர்க்கிறாள்' என்றது. அம்மா ஒரு வாரம் அந்த ஜன்னலை நினைத்தே கவலைப்பட்டாள்.

கழகத்தின் இயக்குநர் என்னை நிற்கவைத்தே பேசினார்.

"என்ன விஷயமா படிக்க வந்திருக்கீங்க?"

"பேசறதுக்கு சார்."

"பேச்சு வேற, மொழி வேற. பேச்சு யாருக்கு வேணா வரும், குழந்தைக்குக்கூட வருது. நாங்க கத்துக்குடுக்கறது மொழி. இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு மாணவர்கூட ஸ்பானிஷ்ல தப்பாப் பேசினது கிடையாது."

"அவ்வளவு நல்லாப் பேசுவாங்களா சார்?"

"பேசவே மாட்டாங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கழகத்தின் பாடத்திட்டத்தில் இருப்பது ஒரே வினைச்சொல். 'பேசு' என்று பொருள்படும் 'ஆப்லார்'. ஒன்றை முழுதாகத் தெரிந்துகொண்டால் மற்றவையும் கிட்டத்தட்ட அதைப் போலத்தான் இருக்கும் என்பதால், மற்றவற்றை அவர்கள் நடத்துவதில்லை. அந்த ஒன்றுக்கும் காலத்துக்கு ஆறு உருவம்: நான், நீ, அவள், நாங்கள், நீங்கள் எல்லாரும், அவர்கள். வகுப்பறையிலும் ஆறு பெஞ்சு. பெஞ்சுக்கு ஓர் உருவம்.

"ஒருத்தரே ஆறையும் படிச்சா, மணி நேரத்துல ஒரு உருவத்துக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும்" என்று இயக்குநர் விளக்கினார். "ஆளுக்கு ஒண்ணு படிச்சா, ஒண்ணுக்கே முழுசா ஒரு மணி நேரம். ஆறு மடங்கு கல்வி. இந்த முறையக் கேட்டுட்டு வெளியூர்லேருந்து ஒரு குழு வந்து பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க சார்?"

"ஒண்ணுமே சொல்லல. அசந்துட்டாங்க."

நான் போன அன்று மூன்றாம் பெஞ்சில்தான் இடம் இருந்தது. படர்க்கை ஒருமை. ஆகவே நான் 'அவள்' ஆனேன்.

முதல் பெஞ்சுக்குத் தலைவர் ஒரு தையற்காரர். 'நான் பேசுகிறேன்' என்பதை நெஞ்சில் கைவைத்துத்தான் சொல்வார். இரண்டாம் பெஞ்சில் இரண்டு கல்லூரி மாணவிகள், 'நீ பேசுகிறாய்' என்று எந்நேரமும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்கள். நான்காம் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும். 'நாங்கள்' என்பதால் அலுவலகமே அப்படி ஒதுக்கிக் கொடுத்தது. ஆறாம் பெஞ்சில் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் மூவர், 'அவர்கள்' என்று யாரையோ சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் பெஞ்சில் ஒரே ஆள். பூட்டுக்காரர். 'நீங்கள் எல்லாரும்' என்ற அந்த உருவத்தை ஒரே ஒரு நாட்டில்தான் புழங்குகிறார்கள் என்று எப்படியோ செய்தி பரவி, சேர்ந்தவர்களெல்லாம் இடம் மாறிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மாறவில்லை. முறை வரும்போது எழுந்து நின்று, "ஆப்லாய்ஸ்" என்று தனியாகச் சொல்லிவிட்டு, பூட்டைப் பூட்டியபின் இழுத்துப் பார்ப்பவர்போல ஒரு நொடி காத்திருந்து உட்காருவார்.

பெஞ்சு பெஞ்சாக ஒப்பித்தால் அழகாகத்தான் இருந்தது. ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாய்ஸ், ஆப்லான். ஒப்பிக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் பிசகும் என்பது கழகத்தின் கொள்கை.

இரண்டாம் மாதம் இறந்தகாலம் வந்தபோது சிக்கலும் வந்தது. 'பேசிக்கொண்டிருந்தேன்' என்பதற்கும் 'பேசிக்கொண்டிருந்தாள்' என்பதற்கும் ஸ்பானிஷில் ஒரே சொல்: ஆப்லாபா. அது முதல் பெஞ்சுக்கா, மூன்றாம் பெஞ்சுக்கா? வகுப்பு இரண்டு நாள் நின்றுபோனது. கடைசியில் அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டினார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் ஆப்லாபா முதல் பெஞ்சுக்கு. இரட்டைப்படைத் தேதிகளில் மூன்றாம் பெஞ்சுக்கு. முப்பத்தொன்றாம் தேதி யாரும் பயன்படுத்தக் கூடாது. நான் அதைக் காலண்டரில் பச்சை மையால் குறித்து வைத்துக்கொண்டேன். தையற்காரர் எதிரில் வரும்போதெல்லாம் எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது, அவருடைய பொருளை எடுத்துப் புழங்குகிறவள்போல.

மூன்றாம் மாத முடிவில்தான் எனக்கு உறைத்தது. 'நான்' என்று என்னால் சொல்ல முடியாது. சம்பந்தியம்மா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் இல்லை. பெஞ்சு மாற்றம் கேட்டு எழுத்தரிடம் போனேன்.

"காரணம்?" என்றார்.

"'நான்'னு சொல்லணும் சார்."

"எதுக்கு?"

"என்னப் பத்திச் சொல்றதுக்கு."

"உங்களப் பத்தி என்ன இருக்கு?"

யோசித்தேன். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. அவர் இரக்கப்பட்டுப் படிவத்தை எடுத்து நீட்டினார். பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது 'நான்'னு ஆரம்பிக்குது. நீங்க மூணாம் பெஞ்சு. நீங்க நெரப்பக் கூடாது."

"தமிழ்லதானே சார் இருக்கு?"

"எந்த மொழியா இருந்தா என்னம்மா? வாசலத் தாண்டி உள்ள வந்துட்டா நீங்க படர்க்கை. முதல் பெஞ்சுலேருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, உங்களுக்காக அவங்க 'நான்' போடுவாங்க."

தையற்காரர் மறுக்காமல் வந்து, என் பெயருக்கு முன்னால் 'நான்' போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பெஞ்சு மாற்றம் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆனால் கையெழுத்து அவருடையது என்பதால், மாற்றமும் அவருக்கே. அவர் ஏற்கெனவே முதல் பெஞ்சில் இருப்பதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பை முடித்துவிட்டார்கள்.

நான்காம் மாதம் ஏவல் வினை. 'பேசு', 'பேசுங்கள்' என்று உத்தரவு போடும் உருவங்கள். தனக்குத் தானே யாரும் உத்தரவு போட்டுக்கொள்வதில்லை என்பதால் 'நான்' என்பதற்கு அதில் உருவம் கிடையாது. முதல் பெஞ்சுக்கு ஒரு மாதம் விடுமுறை என்று அறிவித்தார்கள். தையற்காரர் துடித்துப்போனார். நேராக இயக்குநரிடம் போய் நின்றார்.

"எல்லாரும் உத்தரவு போடக் கத்துக்கறாங்க, நான் மட்டும் வீட்டுல உக்காரணுமா சார்? கடையில ரெண்டு பேரு எங்கிட்ட வேல பாக்கறாங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் இயக்குநர். "நானும் முதல் பெஞ்சுல படிச்சவன்தான். இன்னைக்கு வரைக்கும் ஸ்பானிஷ்ல ஒரு உத்தரவு போட்டதில்ல. எதாவது கொறஞ்சு போச்சா? மேலேருந்து உத்தரவு வரும், அத நான் கீழ அனுப்புவேன். நிர்வாகத்துக்கு அது போதும்."

ஐந்தாம் மாதம், விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வினைநிலை. 'அவள் பேசுவாளோ என்னவோ', 'அவள் பேசினால் தேவலை' என்கிற ரகம். அதைக் கொஞ்சம் குரல் தாழ்த்தி ஒப்பிக்க வேண்டும். சந்தேகம் கேட்கக் கை தூக்கியவர்களை ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டார்; சந்தேகம் பாடத்திலேயே இருக்கிறதாம், தனியாகக் கேட்கத் தேவையில்லையாம். வகுப்பிலேயே இந்த நிலையில்தான் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது. அது நல்லதா என்று இன்றுவரை தெரியவில்லை.

தேர்வில் வகுப்பு முழுவதும் தேறியது. முழு வினைச்சொல்லுக்குமாகச் சேர்த்து ஒரே சான்றிதழ். அதைச் சட்டம் போட்டுக் கொடுத்து, பெஞ்சுக்கு இரண்டு மாதம் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

இதற்குள் அக்காவுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் திரைக்கே வரவில்லை. "தூங்கறேன், அப்புறம்" என்று எழுதி மட்டும் அனுப்பினாள். சம்பந்தியம்மா தனியாக வந்து எங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

"இனிமே பொறுக்க முடியாது" என்றாள் அம்மா. "எப்ப அவ காதுல விழாமப் பேசலாம்?"

கணக்குப் போட்டேன். அக்கா காலையில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவாள். அந்த நேரம் இங்கே மாலை ஏழு. வகுப்பின் இடைவேளையும் ஏழு மணிக்குத்தான். தேர்வு முடிந்தும் சான்றிதழ் வரிசை முடியும்வரை வகுப்புக்கு வரவேண்டும் என்று விதி. அதனால் புதன்கிழமை, அம்மா வேலை முடிந்து நேராகக் கழகத்துக்கே வந்துவிட்டாள்.

ஆசிரியர் டீ குடிக்கப் போனதும் அம்மாவை உள்ளே அழைத்து என் பெஞ்சில் உட்காரவைத்தேன். தையற்காரர் விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா பயப்படறே தங்கச்சி? தனியாப் பேசினாத்தான உனக்குக் கஷ்டம்? ஆறு பெஞ்சும் இங்க இருக்கு. முழு வினைச்சொல்லே உன் பக்கம் நிக்குது. போடு போன."

எல்லோரும் அவரவர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் போனை எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் சாய்த்து வைத்தேன். சம்பந்தியம்மா வந்தார். பின்னால் மூடிய கதவு ஒன்று தெரிந்தது. நான் அந்தக் கதவைச் சுட்டிக்காட்டி, எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"ஆப்லா?" அவள் பேசுகிறாளா?

சம்பந்தியம்மா திடுக்கிட்டுப் போனார். அக்கா கல்யாணமாகிப் போன ஐந்து வருடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து அவர் மொழியில் வந்த முதல் சொல். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னார்.

"ஆப்லாபா... ஆப்லாபா... ஆப்லாபா."

பேசிக்கொண்டிருந்தாள், பேசிக்கொண்டிருந்தாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

"அது இன்னைக்கு எங்களோடது" என்று தையற்காரர் முணுமுணுத்தார். அன்று தேதி பதின்மூன்று. பிறகு தன்னைத் தானே அடக்கிக்கொண்டு, "பரவால்ல, அவங்க சொல்லட்டும்" என்றார்.

சம்பந்தியம்மா தலையை ஆட்டினார். "நோ ஆப்லா." உள்ளங்கையை வாய்மேல் வைத்துக் காட்டினார். மூன்று விரல் நீட்டி, ஏழு விரல் நீட்டி, மூன்று வாரம் என்றும் காட்டினார்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"மூணு வாரமா பேசறதே இல்லயாம்மா. யார்கிட்டயும்."

அம்மா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் "ஆப்லாஸ்" என்று ஒரு சொல் வந்தது. இரண்டாம் பெஞ்சு மாணவிகள் இருவரும் தங்கள் சொல் கேட்ட சந்தோஷத்தில் துள்ளினார்கள். நீ அவளிடம் பேசுகிறாயா என்று கேட்கிறார் என்று ஊகித்தேன். இதற்குப் பதில் 'நான்' என்று தொடங்கவேண்டும். முதல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்.

தையற்காரர் எழுந்தார். நெஞ்சில் கைவைத்தார். தொடங்கினால் நிறுத்தத் தெரியாத பயிற்சி அவருடையது.

"ஆப்லோ! ஆப்லே! ஆப்லாபா! ஆப்லாரே! ஆப்லாரீயா!"

பேசுகிறேன், பேசினேன், பேசிக்கொண்டிருந்தேன், பேசுவேன், முடிந்தால் பேசுவேன். தன் கேள்விக்கு இப்படி ஒரு கட்டைக்குரல் பதில் வந்ததும் சம்பந்தியம்மா போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முறை தவறக் கூடாது என்று இரண்டாம் பெஞ்சு எழுந்தது. நான் தடுப்பதற்குள் என் பெஞ்சும் எழுந்தது. நான்காம் பெஞ்சின் கணவனும் மனைவியும் ஒரே குரலில் முடித்து உட்கார்ந்தார்கள்.

பூட்டுக்காரர் எழுந்தார். ஐந்து மாதமாகக் காத்திருந்த ஆள். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, கடல் தாண்டிக் கேட்கும்படி சொன்னார்.

"ஆப்லாய்ஸ்!"

சம்பந்தியம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூட்டுக்காரர் என்ன ஏது என்று தெரியாமல், மரியாதைக்கு இன்னொரு முறை சொன்னார். சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. பின்னாலிருந்த கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு அது? அந்தக்காலத்து ராஜா மாதிரி?"

தமிழில். அம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை உள்ளே எடுத்துப் போனார். தலையணையில் அக்காவின் முகம். மெலிந்திருந்தது. எங்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைக் கண் சுருக்கிப் பார்த்தாள்.

"யாருடி இவங்கல்லாம்?"

"என் கிளாஸ்க்கா. அவரு பூட்டுக்காரரு."

"இங்க யாரும் அப்படிப் பேச மாட்டாங்கடி. சர்ச்சுல படிக்கறப்பதான் கேக்கும்." சிரிக்கப் போனவள் சிரிப்பை முடிக்கவில்லை. "அம்மா..."

"சொல்லுடி."

"பயமா இருக்கும்மா. ராத்திரியும் பகலும் இந்தக் கூரையவே பாத்துட்டுக் கெடக்கறேன். வாயத் தொறந்தா அழுகை வந்துடுமோன்னு தொறக்கறதே இல்ல. உன்கிட்ட சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வருவே..."

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் வந்தார். பின்னால் எழுத்தர், கையில் பதிவேடு.

"வகுப்பறையில பேச்சுச் சத்தம் கேக்குது! யாரு பேசறது?"

ஐந்து மாதப் பயிற்சி வீண்போகவில்லை. பெஞ்சு பெஞ்சாக எழுந்து பதில் சொன்னார்கள்.

"நான்" என்றது முதல் பெஞ்சு.

"நீ" என்றது இரண்டாம் பெஞ்சு.

"அவ" என்றேன் நான்.

"நாங்க" என்றார்கள் கணவனும் மனைவியும்.

"நீங்கள்லாம்" என்றார் பூட்டுக்காரர்.

"அவங்க" என்று ஆறாம் பெஞ்சு ஜன்னலைக் காட்டியது.

எழுத்தர் ஆறையும் எழுதிக்கொண்டு, எதை அடிப்பது என்று இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பேச வாயெடுத்தார்.

அம்மா திரும்பவேயில்லை. "என் பொண்ணு பேசறா. கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

இயக்குநர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பூட்டுக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நான் வரணுமா, வேணாமா?" அம்மா போனைப் பார்த்துக் கேட்டாள். "சுத்தி வளைக்காமச் சொல்லு."

அக்கா கூரையைப் பார்த்தாள். வகுப்பில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கழகம் இருபத்திரண்டு வருடமாக எதிர்பார்த்த அமைதி அன்றுதான் முழுசாக வாய்த்தது.

"வாம்மா" என்றாள் அக்கா.

அம்மா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். தபால் நிலையத்து விடுப்பு விண்ணப்பம். எல்லாம் நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தது. தேதி மட்டும் இல்லை.

"பத்து நாளா இது பையிலதான் கெடக்கு" என்றாள். பிறகு ஐந்தாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இயக்குநரின் சட்டைப்பைப் பக்கம் கையை நீட்டினாள். "சார், அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க."

இயக்குநர் மூடியைக் கழற்றியே கொடுத்தார்.